துபாயில் வரியே இல்லையா? யார் சொன்னது!

1988 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த கூத்து தெரியுமா? எண்ணெய் விலை சரிந்து கஜானா இளைத்திருந்த நேரம். வெளிநாட்டு ஊழியர்களின் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வருமான வரி என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், வெளிநாட்டு ஊழியர்கள் ராஜினாமா கடிதத்தை நீட்டத் தொடங்கிவிட்டார்கள்! சில நாட்களிலேயே மன்னர் ஃபஹத் அந்த வரியை ரத்து செய்தார். வளைகுடா அரசுகள் அந்தப் பாடத்தை மறக்கவே இல்லை. தனிமனிதர் சம்பளத்தில் கைவைக்க அதன்பின் யாரும் துணியவில்லை.

இப்போது ஒருவர் துணிந்திருக்கிறார். ஓமன்! 2025 ஜூனில் அரசாணை வந்துவிட்டது. ஆண்டு வருமானம் 42,000 ரியாலைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 5 சதவீத வரி. 2028 ஜனவரி முதல் அமல். சுமார் 99 சதவீத மக்களுக்கு இது பொருந்தாது என்று அரசே சொல்கிறது. ஆனால் இந்த வரிக்கு முன்பே ஓமன் இன்னொன்றைச் செய்து முடித்திருந்தது தெரியுமா? 2023-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு ஓமானியக் குழந்தைக்கும் மாதம் 10 ரியால், முதியவர்களுக்கு மாதம் 115 ரியால் என்று 2024-லிருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொடுப்பது முதலில், வாங்குவது பிறகு. கெட்டிக்காரத்தனம்!

ஓமனுக்கு முன்பே இந்த வித்தையைச் செய்து காட்டியது சவூதி. 2018 ஜனவரி 1 அன்று 5 சதவீத வாட் வரி வரப்போகிறது, பெட்ரோல், கரண்ட் விலையும் ஏறப்போகிறது. அதற்குச் சில நாட்கள் முன்பே, 2017 டிசம்பரில், 'குடிமக்கள் கணக்கு' என்ற திட்டத்தில் சவூதி குடும்பங்களின் வங்கிக் கணக்கில் பணம் வந்து விழுந்தது! குடும்பத்தின் வருமானம் குறைவு, தலைகள் அதிகம் என்றால் தொகையும் அதிகம். எல்லோருக்கும் மலிவாகப் பெட்ரோல் ஊற்றுவதற்குப் பதில், தேவைப்படுகிறவருக்கு மட்டும் ரொக்கம். பொருளாதார மேதைகள் பல நாடுகளில் எழுதி எழுதிக் களைத்துப்போன யோசனை இது.

ஆனால் அதே காலத்தில் சவூதியில் இருந்த நம்மவர்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? குடும்ப வரி! பெயர் என்னவோ 'கட்டணம்'தான். 2017 ஜூலையில் மனைவி, பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால். ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020-ல் 400 ரியால் ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால், இகாமா (தங்கும் அனுமதி) புதுப்பிக்கும்போது எண்ணி வைக்க வேண்டும். எத்தனையோ பேர் குடும்பத்துக்கு எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் பேச்சலர் அறைக்கே திரும்பினார்கள். அதோடு விட்டதா? 2020 ஜூலையில் வாட் 5-லிருந்து ஒரே தாவலில் 15 சதவீதம்! பெப்சி, கோலாவுக்கு 50, சிகரெட்டுக்கு 100 சதவீதக் கலால் வரி 2017-லேயே வந்திருந்தது.

அமீரகம் மட்டும் சும்மாவா இருந்தது? அங்கும் 2018 ஜனவரி முதல் வாட் 5 சதவீதம். முதல் ஆண்டில் 1,200 கோடி திர்ஹம் எதிர்பார்த்தார்கள். வந்ததோ 2,700 கோடி! 2023 ஜூனிலிருந்து 3,75,000 திர்ஹத்துக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகளுக்கு 9 சதவீத வரி. துபாயில் வாடகைக்கு இருப்பவர் தன் கரண்ட் பில்லை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: ஆண்டு வாடகையில் 5 சதவீதம், 'ஹவுசிங் ஃபீ' என்று மாதாமாதம் பிரித்து வாங்குகிறார்கள். வரி இல்லாத ஊர்தான், போங்கள்!

திரும்பக் கொடுப்பது எப்படி? 2022-ல் பெட்ரோல் விலை எகிறியபோது, மாத வருமானம் 25,000 திர்ஹத்துக்குக் குறைவான அமீரகக் குடும்பங்களுக்கு, லிட்டர் 2.10 திர்ஹத்துக்கு மேல் ஏறிய விலையில் 85 சதவீதத்தை அரசே ஏற்றது. மளிகைக்கும் தனி உதவித்தொகை. ஆனால் கையில் அமீரகப் பாஸ்போர்ட் இருக்க வேண்டும்! துபாய் தேராவில் டீக்கடையில் நிற்கும் ராமநாதபுரத்துக்காரரும் அதே 5 சதவீத வாட்டைக் கட்டுகிறார். அவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. வளைகுடாவின் கணக்கே இதுதான்: வரி எல்லோருக்கும், நலத்திட்டம் பாஸ்போர்ட்டுக்கு.

இந்தப் பாஸ்போர்ட் சுவரில் ஓட்டைகள் விழ ஆரம்பித்திருப்பதுதான் பெரிய ஆச்சரியம். பஹ்ரைன் 2006-லேயே வேலையிழப்புக் காப்பீடு கொண்டுவந்தது, வளைகுடாவில் முதன்முதலாக. 2024 மார்ச்சிலிருந்து அங்கே வெளிநாட்டவரின் கிராஜுவிட்டியை முதலாளி கடைசி நாள்வரை தன் பையில் வைத்துக்கொள்ள முடியாது. மாதாமாதம் அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பில் கட்டியாக வேண்டும். கம்பெனியை மூடிவிட்டு அரபாப் (முதலாளி) மாயமான கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் அருமை புரியும். ஓமனில் பேறுகாலக் காப்பீடு இப்போது வெளிநாட்டுப் பெண்களுக்கும் உண்டு: 98 நாள் சம்பளத்தோடு விடுப்பு!

வரி விஷயத்தில் இந்தியாவும் சும்மா இல்லை. வேறெங்கும் வரி கட்டாத இந்தியக் குடிமகனின் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், அவர் எங்கே இருந்தாலும் இந்தியவாசியாகவே கருதப்படுவார் என்று 2020-ல் சட்டம் போட்டார்கள். பதறிப்போன வளைகுடாக்காரர்களிடம், அங்கே உழைத்துச் சம்பாதிக்கும் சம்பளத்துக்கு வரி இல்லை என்று உடனே விளக்கமும் சொன்னார்கள்.

கடைசியாக, அமீரகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2023 ஜனவரி முதல் அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை என்றால் மாதம் 5 திர்ஹம்தான் சந்தா. வேலை போனால் மூன்று மாதம் வரை அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் கிடைக்கும். தொடர்ந்து 12 மாதமாவது கட்டியிருக்க வேண்டும், நீங்களாக ராஜினாமா செய்திருக்கக் கூடாது, வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சேராவிட்டால் அபராதம் 400 திர்ஹம். உங்கள் சந்தா நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்; அறைத் தோழருக்கும் சொல்லுங்கள்.