பொம்மை கேள்வி கேட்குது... பதில் யாருக்குக் கேட்குது?

அம்மா கம்பெனி பஸ் ஏறியாச்சு. பாட்டிக்கு அடுப்படியில் வேலை. மூன்று வயசு வாண்டு கையில் போன். அதில் ஒரு பொம்மை, ‘இது என்ன கலர்? சொல்லுங்க பார்ப்போம்!’ என்று கேட்கிறது. இரண்டு விநாடி அமைதி. அப்புறம், ‘சூப்பர்! கரெக்டா சொல்லிட்டீங்க!’ என்று கைதட்டுகிறது.

வாண்டு வாயே திறக்கவில்லை. திறந்திருந்தாலும், பச்சையைப் பார்த்து ‘நீலம்’ என்று சொல்லியிருக்கலாம். பொம்மைக்கு எல்லாம் ஒண்ணுதான். அது எப்படியும் கைதட்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்ம தோல் பெல்ட் முழுக்க, ஷூ அப்பர் தைக்கிற வேலைக்குப் போகிற அம்மாக்கள் ஏராளம். அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டி, அத்தை, சித்தி... இல்லையென்றால் காலேஜ் லீவில் வீட்டில் இருக்கிற நீங்கள். கூடவே போன். அதனால், அந்த இரண்டு விநாடி அமைதி எதற்காக வந்தது, அதை யார் நிரப்ப வேண்டும் என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோமா?

டி.வி மேலேயே கிறுக்கிய குழந்தைகள்

குழந்தைகளோடு ‘பேசுகிற’ டி.வி நேற்று வந்த ஐடியா இல்லை. அமெரிக்காவில் 1947-ல் தொடங்கிய ‘ஹவ்டி டூடி’ என்ற பொம்மலாட்ட நிகழ்ச்சியில், ஸ்டூடியோவுக்குள்ளேயே குழந்தைகளைக் கேலரியில் உட்கார வைத்திருப்பார்கள். தொகுப்பாளர் கேள்வி கேட்பார், பசங்க கத்திப் பதில் சொல்வார்கள். வீட்டில் பார்க்கிற குழந்தையும் சேர்ந்து கத்தும்.

1953-ல் வந்த ‘விங்கி டிங்க்’ இன்னும் ஒரு படி மேலே. மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை டி.வி திரை மேல் ஒட்டிக்கொண்டு, கதையில் வரும் பையன் ஆற்றைக் கடக்கக் குழந்தை கிரேயானால் பாலம் வரைய வேண்டும். ஷீட் வாங்காத வீடுகளில் என்ன ஆனது? பசங்க நேராக டி.வி கண்ணாடி மேலேயே வரைந்துவிட்டார்கள். ஆனால், அங்கேயும் விஷயம் ஒன்றுதான். குழந்தை பாலம் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தப் பையன் ஆற்றைக் கடந்துவிடுவான்.

பஞ்சுப் பொம்மைக்குப் பின்னால் ஒரு பரிசோதனைக் கூடம்

1969 நவம்பர் 10-ம் தேதி ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கியபோதுதான் பொம்மை நிகழ்ச்சி ஒரு பாடத்திட்டமாகவே மாறியது. ஜிம் ஹென்சன் உருவாக்கிய மப்பெட் பொம்மைகள், கூடவே குழந்தை உளவியல் ஆய்வாளர்கள். ஒரு காட்சி குழந்தைக்குப் பிடிக்கிறதா என்று எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? டி.வி-க்குப் பக்கத்திலேயே இன்னொரு திரையில் சில விநாடிக்கு ஒருமுறை மாறுகிற படங்களை ஓடவிட்டார்கள். குழந்தையின் கண் எந்த இடத்தில் டி.வி-யை விட்டு அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் காட்சியைச் சரிசெய்தார்கள்.

பொம்மைக்குள் இருப்பவர்களின் உழைப்பும் லேசுப்பட்டதில்லை. ‘பிக் பேர்ட்’ என்கிற பெரிய மஞ்சள் பறவைக்குள் இருந்த கேரல் ஸ்பின்னி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பறவையின் வாயை அசைப்பார். வெளியே என்ன நடக்கிறது என்பதை, மார்பில் கட்டிய குட்டி டி.வி-யில்தான் பார்ப்பார்.

நம் நாட்டுக்கு இது 2006-ல் ‘கல்லி கல்லி சிம் சிம்’ ஆக வந்தது. ஸ்கூல் யூனிஃபார்மில் வரும் சம்கி, சிங்கமாக இருந்தும் காய்கறி மட்டும் சாப்பிடுகிற பூம்பா என்று நம்ம ஊர் ஜாடையில் பொம்மைகள். பேசியதோ இந்தி.

உங்கள் தலைமுறைக்கு நெருக்கமானது வேறொன்று. 2007-ல் சுட்டி டி.வி தொடங்கிய பிறகு, தமிழ் பேசி வீட்டுக்குள் வந்த டோரா. அது பொம்மலாட்டம் இல்லை, கார்ட்டூன்தான். ஆனால், கேள்வி கேட்டுவிட்டுக் கண் சிமிட்டியபடி நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பதில் டோராவை அடிச்சுக்க ஆளில்லை. குள்ளநரி வரும்போது நீங்களும் புஜ்ஜியோடு சேர்ந்து கத்தினீர்கள்தானே? உங்கள் சத்தத்தால்தான் அது ஓடியது என்று நம்பினீர்கள்தானே? அந்த நம்பிக்கைதான் இந்த மாதிரி நிகழ்ச்சிகளின் மூலதனம்.

அந்த அமைதி ஏன்?

டோராவுக்கு முன்பே, 1996-ல் வந்த ‘ப்ளூஸ் க்ளூஸ்’ இந்த அமைதியை ஒரு கலையாக்கியது. கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை யோசிக்கத் தேவையான நேரம் காத்திருப்பார்கள். இன்னொன்று, திங்கள் முதல் வெள்ளி வரை அதே எபிசோட்தான் ஓடும். பெரியவர்களுக்கு போர். குழந்தைக்கோ முதல் நாள் புரியாதது மூன்றாம் நாள் புரிகிறது, ஐந்தாம் நாள் முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தபோது குழந்தைகள் அதிகமாகப் புரிந்துகொண்டதையும், அதிகமாக வாய்விட்டுப் பேசியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

ஆக, நன்றாகச் செய்த நிகழ்ச்சியால் பலன் உண்டு. அதில் சந்தேகம் வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், குழந்தை எவ்வளவு சின்னதோ, அவ்வளவுக்குத் திரையிலிருந்து கற்பது கஷ்டம்.

அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு. ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து, புத்தகமும் பொம்மையும் வைத்துப் பேசினார். மொத்தம் 12 முறை. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். வீடியோ குழுவுக்கு எதுவும் ஒட்டவில்லை. வீட்டில் உருது, தெருவில் தமிழ், போனில் இங்கிலீஷ் என்று மூன்று மொழிக்கு நடுவே பிள்ளைகள் வளர்கிற நம்ம ஊருக்கு இது முக்கியமான சேதி. போனிலிருந்து பாப்பாவுக்கு மொழி வந்துவிடும் என்று காத்திருக்க முடியாது. மொழி, ஆளிடமிருந்துதான் வரும்.

2006-ல் வந்த இன்னோர் ஆய்வு அதைவிட சுவாரஸ்யம். இரண்டு வயதுக் குழந்தைகளிடம், ஒளித்து வைத்த பொம்மை எங்கே இருக்கிறது என்று திரையில் ஒருவர் சொல்கிறார். முன்பே பதிவு செய்த வீடியோவில் சொன்னால் பெரும்பாலும் பலனில்லை. ஆனால், அதே நபர் நேரலையில் குழந்தையின் பேச்சுக்குப் பதில் பேசி, ஐந்து நிமிடம் சேர்ந்து விளையாடிவிட்டுச் சொன்னபோது, குழந்தை நம்பிப் போய்த் தேடியது.

அப்படியென்றால் திரை தடையே இல்லை. தன் பேச்சுக்குப் பதில் வருகிறதா என்பதைத்தான் குழந்தை பார்க்கிறது!

இதிலிருந்து நமக்கு ஒரு நல்ல சேதி கிடைக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா கம்பெனியிலிருந்து போடுகிற ஐந்து நிமிட வீடியோ கால், எந்தப் பொம்மை வீடியோவைவிடவும் உசத்தி. ‘நீ இன்னும் சாப்பிடலையா, வாயில என்ன ஒட்டியிருக்கு?’ என்று அம்மா கேட்கும்போது, அவள் உண்மையிலேயே பார்க்கிறாள், கேட்கிறாள். 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொல்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்புகூட, வீடியோ காலுக்கு மட்டும் விதிவிலக்கு தந்திருக்கிறது.

தோலுக்கும் பொம்மைக்கும் பழைய சொந்தம்

பார்க்கிறவர்களைப் பார்த்துப் பேசுகிற பொம்மை, நமக்கு அமெரிக்கச் சரக்கு இல்லை. கன்னியாகுமரி, மதுரைப் பக்கம் வாழ்ந்துவரும் தோல்பாவைக்கூத்தைப் பாருங்கள். அதற்கும் ஆட்டுத்தோல்தான். ஆனால், நம்ம ஊர் மாதிரி பதனிடுவதில்லை. பதனிட்ட தோலில் ஷூ வரும், வெளிச்சம் ஊடுருவாது. முடி நீக்கிச் சுரண்டி உலர்த்திய பச்சைத் தோலில் விளக்கு வெளிச்சம் ஊடுருவும். அதில் துளை போட்டு, வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஆட்டினால் ராமனும் ராவணனும் எழுந்து வருவார்கள்.

நடுநடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் வருவார்கள். கூட்டத்தைப் பார்த்து ஊர்க்கதை பேசி, நக்கலடித்துச் சிரிக்க வைப்பது இவர்கள் வேலை. திரைக்குப் பின்னால் இருப்பவருக்குக் கூட்டத்தின் சிரிப்பு கேட்கும். எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தச் சத்தம்தான் சொல்லும். போன் பொம்மைக்கு இல்லாதது அந்தக் காதுதான்.

சரி, நாம என்ன செய்யலாம்?

‘போனைப் பிடுங்கிடுங்க’ என்று சொல்வது ஈஸி. எட்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்! நடக்கிற காரியமாகச் சில:

*அளவு:* இரண்டு வயது வரை திரை வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்.

*பக்கத்தில் உட்காருங்கள்:* பொம்மை கேள்வி கேட்டதும் வீடியோவை நிறுத்துங்கள். குழந்தை சொன்ன பதிலுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். ‘பச்சையா? நம்ம வீட்டுல வேற எது பச்சை?’ என்று கேட்டால், பாடம் திரையைவிட்டு இறங்கி சமையலறைக்குள் வந்துவிடும்.

*புதுசு தேடாதீர்கள்:* ஆட்டோ பிளேயை அணைத்துவிட்டு, நல்ல வீடியோ ஒன்றையே வாரம் முழுக்கப் போடுங்கள். குழந்தைக்குச் சலிக்காது.

*நீங்களே பொம்மை ஆகுங்கள்:* ஜோடி தொலைந்த ஒரு சாக்ஸ் போதும். கண்ணுக்கு மார்க்கர் புள்ளி. கம்பெனியிலிருந்து வரும் தோல் துண்டு மட்டும் வேண்டாம். பதனிடுவதற்குச் சேர்த்த குரோமியம் அதில் இருக்கலாம், சின்னக் குழந்தை எதையும் வாயில் வைக்கும்.

*உரிமையைக் கேளுங்கள்:* 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றது, மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம். உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ இது தெரியுமா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். தெருவில் அங்கன்வாடி இருந்தால் அதுவும் வரம். அங்கே பேசவும் சண்டை போடவும் நிஜக் குழந்தைகள் இருப்பார்கள்.

சாக்ஸ் பொம்மையை ஆட்டும்போது ஒரு டிப்ஸ்: அதை அறிவாளியாக்காதீர்கள். காக்காவைப் பார்த்து ‘மாடு’ என்று சொல்லட்டும். ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண்ணட்டும். ‘ஐயோ, அப்படி இல்ல!’ என்று வாண்டு அதைத் திருத்தும் பாருங்கள், அப்போது அவசரப்படாமல் காத்திருங்கள். இரண்டு விநாடி இல்லை, எவ்வளவு நேரம் ஆனாலும்.