பேரு நாட்டுக்குச் செல்வோர்க்குச் சில குறிப்புகள்

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று உலகின் பல பாகங்களிலும் பரந்து வாழ்கின்றனர். அவர்களுள் தென்னமெரிக்கா வரை உல்லாசப் பயணஞ் செய்ய எண்ணுவோரும் உளர். அக்கண்டத்திற் பலரும் காண விரும்புவது பேரு நாடும், அங்கே அந்தீஸ் மலைமுகட்டில் இன்கா மன்னர் எழுப்பிய மச்சு பிச்சு நகருமாம். விடுதி, பணமாற்று முதலியவற்றை எவரும் எளிதில் விசாரித்து அறிவர். ஆயின் அந்நாட்டுக்குச் செல்வோர் முதற்கண் சிந்திக்கவேண்டியது உயரத்தைப் பற்றியேயாம். எவ்வூருக்கு முதலிற் போவது, எங்கே இரவு தங்குவது என்பவற்றை உயரத்தை நோக்கியே வகுத்தல் வேண்டும். அதன் காரணத்தையும் வழியையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

பேரு நாடு நிலவகையால் மூன்று கூறுபட்டது. மேற்கே பசிபிக் கரையில் வறண்ட பாலைநிலம். நடுவே அந்தீஸ் மலைத்தொடர். கிழக்கே அமேசன் காடு. தலைநகராகிய லிமா கடற்கரையில் உள்ளது. இன்காப் பேரரசின் தலைநகராய் விளங்கிய குஸ்கோவோ ஏறக்குறைய 3,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரம் எத்தகையது என உணர நம் நாட்டை நினைத்துப் பார்த்தல் போதும். இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகால 2,524 மீற்றர் உயரமுடையது. அதன் உச்சிக்கும் மேலே இன்னும் ஏறத்தாழ 900 மீற்றர் சென்றால் எவ்வுயரம் வருமோ, அவ்வுயரத்திலேயே குஸ்கோவின் கடைத்தெருக்கள் உள்ளன. லிமாவில் விமானமேறுவோர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அங்கே போய் இறங்கிவிடுகின்றனர். இவ்விரைவே இடருக்குக் காரணமாகின்றது.

உயர்ந்த இடத்துக் காற்றிலும் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. காற்றின் அமுக்கமே குறைகின்றது. குஸ்கோவில் அது கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்களவேயாம். நீரும் அங்கே 100 பாகை வெப்பத்திலன்றி ஏறக்குறைய 89 பாகையிலேயே கொதித்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் பிராணவாயுவும் அவ்வாறே குறைவுபடும். உடல் இக்குறையை ஈடுசெய்யும் ஆற்றலுடையது. விரைந்து மூச்சுவாங்கியும், நாளடைவிற் செங்குருதிக் கலங்களைப் பெருக்கியும் அது தன்னைப் பழக்கிக்கொள்ளும். அப்பழக்கத்துக்குச் சில நாட்கள் வேண்டும். அந்நாட்களைக் கொடாதவர்க்குத் தலைவலி, குமட்டல், களைப்பு, நித்திரையின்மை என்பன தோன்றும். அந்நாட்டார் இதனைச் ‘சொரோச்சே’ என்பர். இளமையும் தேகபலமும் இதற்குக் காப்பல்ல. தம் பலத்தை நம்பி விரைந்தேறும் விளையாட்டு வீரரும் இதனால் வருந்துவதுண்டு.

ஆகவே பயணத்தை இவ்வாறு ஒழுங்கு செய்தல் நன்று. குஸ்கோவில் விமானத்தால் இறங்கியதும் அங்கே தங்காது, அன்றே மோட்டார் வாகனத்தில் உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்குக. அங்குள்ள ஒல்லாந்தைதம்போ என்னும் ஊர் ஏறக்குறைய 2,800 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவ்விடத்தில் இரண்டு இரவுகள் தங்கியபின் புகையிரதத்தில் மச்சு பிச்சுவின் அடிவாரத்துக்குச் செல்லலாம். மச்சு பிச்சு மிக உயர்ந்தது எனப் பலர் எண்ணுவர். உண்மையில் அது 2,430 மீற்றர் உயரத்திலேயே உள்ளது, குஸ்கோவினும் தாழ்ந்தது. அதனைக் கண்டு மீண்டபின் குஸ்கோவிற் சில நாட்கள் தங்குக. 3,800 மீற்றருக்கு மேல் அமைந்த தித்திக்காக்கா ஏரியை இறுதியிற் காண்க.

முதல் இரண்டு நாட்களும் மெல்ல நடத்தலும், சிறுகச் சிறுக உண்டலும், நீர் பருகலும், மதுவை விலக்கலும் வேண்டும். நீரை மூன்று நிமிடமேனும் கொதிக்கவிட்டே குடித்தல் வேண்டும். இருதய நோயுடையோர், சுவாச நோயுடையோர், கர்ப்பிணிகள் ஆகியோர் புறப்படுமுன்னரே வைத்தியரைக் கலந்துகொள்க. நோயைத் தடுக்கும் மாத்திரையும் வைத்தியர் சொற்படியே உட்கொள்ளத்தக்கது. அமேசன் காட்டுக்கும் செல்வோர் மஞ்சட்காய்ச்சலுக்குரிய தடுப்பூசியைப் பற்றியும் அப்பொழுதே கேட்டறிக. விடுதிகளிற் கொக்கா இலைத் தேநீர் கொடுப்பர். அங்கே அது வழக்கம், சட்டத்துக்கும் மாறானதன்று. ஆனால் அவ்விலையை ஊருக்குக் கொண்டுவருதல் நம் நாடு உட்படப் பல நாடுகளிற் குற்றமாகும்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறுதல், விடாத இருமல், நடை தள்ளாடுதல், அறிவு தடுமாறுதல் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றினும் அது சாதாரண களைப்பன்று. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தமைக்கு அடையாளமாகலாம். அப்பொழுது விடியட்டும் எனக் காத்திராது, உடனே தாழ்ந்த இடத்துக்கு இறக்கி வைத்திய உதவி பெறல் வேண்டும். தாமதம் உயிருக்கே ஊறு விளைக்கும்.

மலைநாட்டில் மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு. பகலில் வெயில் கடுமையாகவும் இரவில் நீர் உறையுமளவு குளிராகவும் இருக்கும். ஆதலால் ஒன்றன்மேலொன்றாய் அணியத்தக்க உடைகள் வேண்டும். இன்காக்களின் பழைய நடைபாதை பெப்ரவரி மாதத்தில் மூடப்படும். 1983ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாகிய மச்சு பிச்சுவுள் நாளொன்றுக்கு வரையறுத்த தொகையினரே அனுமதிக்கப்படுவர். எனவே அனுமதிச்சீட்டைப் பல வாரங்கள் முன்னரே பெறுக. அதிலுள்ள பெயர் கடவுச்சீட்டிலுள்ளவாறே இருத்தல் வேண்டும்.

அங்கு வழங்கும் பெருமொழி ஸ்பானியம். நன்றி கூற ‘கிராசியாஸ்’ என்றால் எவரும் முகமலர்வர். மலைவாழ் மக்களின் தாய்மொழி கெச்சுவா. நம் நாம், நாங்கள் என்னும் சொற்களைப் போல, கேட்போரையும் உளப்படுத்தும் தன்மைப் பன்மையும் அவரை விலக்கிய தன்மைப் பன்மையும் அம்மொழியில் வேறுவேறாக உள்ளன. தமிழ் கற்ற பயணிக்கு இது வியப்பும் உவப்பும் தரும் செய்தியாம்.

பயணத் திட்டத்தில் இரண்டு நாட்களைக் கூட்டிக்கொள்ளல் பெருஞ்செலவன்று. அந்நாட்களை மிச்சம் பிடித்து, அரிதிற் சென்றடைந்த ஊரில் விடுதி அறையில் நோயுற்றுக் கிடத்தலே பெருநட்டம். உயரத்துக்கு மதிப்புக் கொடுத்துப் படிப்படியாய் ஏறும் எம் அன்பர்கள் நலமே சென்று, கண்டு மகிழ்ந்து, நலமே மீள்வாராக.