வெறுவயிற்றில் ஓடும் பிள்ளைகள்

தைப்பொங்கல் கழிந்து, மாரிமழை ஓய்ந்து, மன்னார்த் தீவின் மணல்வெளிகளில் வெயில் உறைக்கத் தொடங்கும் பருவத்திலேதான், தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி என்று தீவிலும், வங்காலை, நானாட்டான், முருங்கன், சிலாவத்துறை என்று பெருநிலத்திலும் உள்ள நமது பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான ஆரவாரம் எழுகின்றது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் விழுவதற்கு முன்னரே ஒரு விடியற்காலையில் மரதன் ஓட்டம் நடைபெறும். அதன் தொடக்கக் கோட்டில் நிற்கும் பிள்ளைகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இருவகையினரைக் காணலாம். ஒரு பிள்ளை, முதல்நாள் இரவு எட்டு மணிக்கு உண்ட பாணின் பலத்திலும், காலையில் குடித்த ஒரு கோப்பைப் பிளேன்டீயின் சூட்டிலும் நிற்கின்றது. அதற்கு அடுத்த பிள்ளையோ, “ஓடப்போற பிள்ளை, வடிவாச் சாப்பிட்டிட்டுப் போ” என்று தாயார் அன்போடு இட்ட புட்டையும் மீன்குழம்பையும் வயிறு முட்ட உண்டு, அரைமணி நேரங்கூட ஆகாமல் நிற்கின்றது. முன்னைய பிள்ளைக்குப் பாதிவழியில் கண் இருட்டுகின்றது. பின்னைய பிள்ளை வீதியோரத்து உடைமரத்தடியில் குந்தியிருந்து ஓங்காளிக்கின்றது.

தேகாப்பியாசத்துக்கு முன்னர் ஆகாரமா, பின்னர் ஆகாரமா என்ற கேள்வி, தன் சரீரத்தைத் தானே ஆளும் வளர்ந்த மனிதரைப் பொறுத்தவரை பெரும்பாலும் அவரவர் விருப்பத்துக்கும் பழக்கத்துக்கும் உரியதாகும். எப்போது எழுவது, எப்போது உண்பது, எப்போது ஓடுவது என்பவற்றையெல்லாம் பிறர் தீர்மானிக்க, அந்தத் தீர்மானத்தின் பலனை மாத்திரம் தன் உடலில் ஏற்கும் பிள்ளையைப் பொறுத்தவரையோ, அக்கேள்வி பெரியவர்களின் கடமை பற்றிய கேள்வியாகவும், பிள்ளையின் உரிமை பற்றிய கேள்வியாகவும் மாறிவிடுகின்றது. அந்த நோக்கிலேயே இதனை எழுதுகின்றேன்.

முதலில் சரீரத்தின் இயல்பைச் சொல்ல வேண்டும். நாம் உண்ணும் சோறும் பாணும் கிழங்கும் ஜீரணமாகிக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி, அதில் ஒரு பகுதி கிளைக்கோசன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகின்றது. வளர்ந்தவர் ஒருவரின் கல்லீரலில் இச்சேமிப்பு ஏறக்குறைய 100 கிராம். தசைகளில் அதனைப் போல் பன்மடங்கு. இரவு முழுவதும் நாம் உறங்கும்போது மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரலே வழங்கி வருவதால், விடியும்போது தசைகளின் சேமிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்க, கல்லீரலின் சேமிப்பு பெருமளவு குறைந்திருக்கும். ஆகையால் வெறுவயிற்றோடு அரைமணி நேரம் நடப்பவருக்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. நெடுநேரம் விரைந்து ஓடுபவருக்கோ, அதிலும் இராச்சாப்பாடும் போதாமற் படுத்த பிள்ளைக்கு, தலைச்சுற்றும் நடுக்கமும் மயக்கமும் வரக்கூடும். மறுபுறத்தில், வயிறு நிறைய உண்டவுடன் ஓடினால், ஜீரணத்துக்காக இரைப்பைக்கும் குடலுக்கும் செல்லவேண்டிய இரத்தம் கைகால்களின் தசைகளுக்குத் திருப்பப்படுவதால், உண்ட உணவு அசையாது தங்கி, குமட்டலும் வயிற்றுப்பிடிப்பும் வாந்தியும் உண்டாகின்றன.

எனவே, முன்னரா பின்னரா என்ற வினாவுக்கு விடை, இரண்டு வேளையும் என்பதுதான். ஆனால் அளவும் இடைவெளியும் வேறு. முழுச் சாப்பாடு உண்பதாயின் ஓட்டத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்னதாக. இலகுவான சிற்றுண்டியாயின் ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னதாக. காலை ஆறரை மணிக்கு ஓட இருக்கும் பிள்ளைக்கு, முதல்நாள் இரவு சோறும் பருப்பும் மீனும் நிறைவாகக் கொடுத்து, விடியற்காலை ஐந்து மணியளவில் இரண்டு மூன்று இடியப்பமோ, பனங்கட்டியுடன் இரண்டு துண்டு பாணோ, இரண்டு கதலி வாழைப்பழமோ கொடுத்து, ஒரு குவளை தண்ணீரும் பருகச் செய்தால் அதுவே போதுமானது. தேங்காய்ப்பால் மிகுந்த கறியும், எண்ணெயிற் பொரித்த பண்டமும், காரக்குழம்பும் இரைப்பையை விட்டு இறங்க நேரம் பிடிப்பவை. அவற்றை ஓட்டம் முடிந்த பின்னருக்கு வைத்துக்கொள்க. நேரம் பிந்தி எழுந்துவிட்ட பிள்ளையை வெறுவயிற்றோடு அனுப்புவதைக் காட்டிலும், ஒரு வாழைப்பழத்தையேனும் வழியில் உண்ணச் சொல்லி அனுப்புவது மேல்.

வெறுவயிற்றோடு பயிற்சி செய்தால் கொழுப்பு விரைந்து கரையும் என்ற அபிப்பிராயம் இப்போது நம் இளைஞரிடையேயும் பரவியிருக்கின்றது. 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இருபது இளம்பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை உண்ட பின்னரும் மறு பிரிவினரை உண்ணாமலும், வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் வீதம், நான்கு வாரம் பயிற்சி செய்வித்தபோது, இரு பிரிவினரும் ஒரே மாதிரி மெலிந்தார்கள். குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான், ஆயினும் பட்டினி கிடந்து ஓடுவதில் தனிப்பட்ட மகிமை ஏதும் உண்டென்று நம்புவதற்கு அது இடந்தரவில்லை.

ஓடி முடித்தவுடன் அரைமணி நேரத்துக்குள் உண்ணாவிட்டால் பயிற்சியெல்லாம் வீண் என்று சொல்வதும் மிகைதான். முதலில் தண்ணீர், பின்னர் இரண்டு மணி நேரத்துக்குள் சோறோ புட்டோ, அதனோடு தசையைச் சீர்செய்யும் புரதத்துக்காக முட்டையோ, பயறோ, நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் சூடை மீனோ, கீரி மீனோ சேர்ந்தால் நிறைவு. ஒரே நாளில் இரண்டு மூன்று போட்டிகளில் இறங்கும் பிள்ளைக்கு மாத்திரம் இடையிடையே சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கு நம் கடலே சாட்சி சொல்லும். 1966 ஏப்ரலில் இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் நீந்திச் சென்றார். 2021 ஏப்ரலில் இலங்கை நீச்சல் வீரர் ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து புறப்பட்டுத் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கு, 28 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்து சேர்ந்தார். இத்தகைய நெடுந்தூர நீச்சலில், துணைப்படகைத் தொடாமலே, அதிலிருந்து நீட்டப்படும் பானத்தையும் ஆகாரத்தையும் சிறுகச் சிறுக உட்கொண்டு நீந்துவதே முறை. முன்னரும் பின்னரும் மாத்திரமன்றி நடுவிலும் உண்பவர்கள் அவர்கள். சாப்பிட்டுவிட்டுக் கடலில் இறங்கினால் பிடிப்பு ஏற்பட்டு அமிழ்ந்து போவாய் என்று நம் பாட்டிமார் சொல்வதைப் பற்றியும் ஒரு சொல்: அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு 2011 இல் இதனை ஆராய்ந்து, உண்டபின் நீந்துவதால் அமிழ்ந்து போகும் ஆபத்து கூடுகின்றது என்பதற்கு ஆதாரமில்லை என்று முடிவு கண்டது. நம் கரையில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நீரோட்டத்தையும் தனியே இறங்குவதையும் பற்றியே.

ஆயினும் இறாலும் நண்டும் சிப்பியும் அன்றாட ஆகாரமாயிருக்கும் நம் ஊருக்குரிய ஓர் ஆபத்தை மறைத்தல் ஆகாது. அரிதாகச் சிலருக்கு, இறாலை உண்டால் மாத்திரம் ஒன்றும் நேர்வதில்லை, ஓடினால் மாத்திரமும் ஒன்றும் நேர்வதில்லை; உண்ட சில மணி நேரத்துக்குள் ஓடினால், தேகமெங்கும் தடித்துச் சிவந்து, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வந்துவிடும். ஓடுபவர் ஒருவருக்கு ஓட்டுடலிகளை உண்டபின் இவ்வாறு நேர்ந்தது 1979 இல் மருத்துவ ஏட்டில் முதன்முதலாகப் பதிவாயிற்று. கோதுமையாலும் இது நேரலாம். ஒருமுறை இவ்வாறு தடித்த அனுபவமுள்ள பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் மறுபடி ஓடவிடலாகாது.

பெரியோருக்கும் ஒரு சொல்: சர்க்கரை வியாதியுள்ளோர், இன்சுலின் ஊசியோ கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவராயின், வெறுவயிற்றோடு நெடுந்தூரம் நடக்கப் புறப்படுதல் கூடாது. இரத்தச் சர்க்கரை 90 மில்லிகிராமுக்குக் குறைவாயிருந்தால் சிறிது உண்டே புறப்பட வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் குடித்து, கால்மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். அவர்களுக்கு உண்டபின் மெதுவாக நடப்பதில் நன்மையும் உண்டு: நியூசிலாந்தில் 41 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வொன்றில், ஏதேனும் ஒரு நேரத்தில் அரைமணி நேரம் நடப்பதைக் காட்டிலும், மூவேளையும் உண்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சர்க்கரையின் ஏற்றம் குறைந்தது, இராச்சாப்பாட்டின் பின்னரே அந்தக் குறைவு மிகுதி.

இனி, நம் மாவட்டத்துக்கேயுரிய ஒரு சங்கடம். போட்டிகள் நிகழும் மாசி, பங்குனி மாதங்களிலேதான் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி விரதமும், கத்தோலிக்கரின் தவக்காலமும் வருகின்றன. அண்மைய ஆண்டுகளில் முஸ்லிம்களின் ரமழான் நோன்பும் அதே மாதங்களில் வந்து சேர்கின்றது. 2024 இல் மார்ச் 8 ஆம் திகதி சிவராத்திரி; அதற்கு நான்கு நாளில் நோன்பு தொடங்கிற்று. ஒருவர் சமயத்தை ஒருவர் அறிந்து வாழும் மண்ணில், போட்டி அட்டவணை வகுப்போர் நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்பது அரிய காரியமன்று. நோன்பு நோற்கும் பிள்ளையை ஓடும்படி கட்டாயப்படுத்துவதும், நோன்பை விடும்படி சொல்வதும் இரண்டும் தவறு. ஓட்டத்தை நோன்பு முடிந்த பின்னர் ஒரு நாளுக்கு மாற்றலாம். அவ்வாறு முடியாதபோது, ஓடாத பிள்ளைக்கு எந்தக் குறைவும் வராமற் பார்க்கலாம்.

2024 இன் அதே மார்ச் மாதத்தில், அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவர் ஒருவர் மயங்கி விழுந்து, வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு உயிரிழந்தார். உரிய வேளையில் உரிய சிகிச்சை கிடைக்கவில்லை என்று ஊர்மக்கள் வைத்தியசாலை முன்னே திரண்டு முறையிட்டனர். அந்த மரணத்தை ஆகாரத்தோடு முடிச்சுப் போடுவது என் நோக்கமன்று; ஓடும் பிள்ளை விழக்கூடும் என்பதை ஓட்டத்தை நடத்துவோர் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும் என்பதே அச்சம்பவம் நமக்கு விட்டுச்சென்ற பாரம்.

பிள்ளைக்கு உள்ள உரிமை யாது? 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சாசனம், சுகாதாரத்துக்கும் போதிய சத்துணவுக்கும் உள்ள உரிமையை 24 ஆம் சரத்திலும், ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் உள்ள உரிமையை 31 ஆம் சரத்திலும், தன்னைப் பற்றிய விஷயங்களில் தன் கருத்துக் கேட்கப்படும் உரிமையை 12 ஆம் சரத்திலும் கூறுகின்றது. “என்னால ஏலாது சேர்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அதனைச் சோம்பல் என்று தள்ளிவிடாமல் கேட்கவேண்டும் என்பது கருணை மாத்திரமன்று, அச்சாசனத்தின் கட்டளையுமாகும். தண்டனையாக வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். மாணவர் ஒருவரை ஆசிரியர் அறைந்த வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதெனக் கண்டு, ஆசிரியரோடு அரசும் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்ததை நினைவிற் கொள்க.

வறுமையின் பங்கையும் சொல்லாமல் விடலாகாது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில், காலைக் கூட்டத்தில் நின்ற மாணவர் பசியால் மயங்கி விழுந்த செய்திகள் நாடெங்கும் வந்தன. பாடசாலைப் போசாக்கு உணவுத் திட்டம் பெரும்பாலும் ஐந்தாம் தரம் வரையுள்ள பிள்ளைகளுக்கே உரியது. மரதன் ஓடுவோரோ அதற்கு மேற்பட்ட தரத்தினர். தந்தை கடலுக்குப் போகாத நாளில் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை, தன் பசியை ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லாது. ஆகையால், யார் உண்டீர், யார் உண்ணவில்லை என்று கேட்டு நாணச் செய்யாமல், ஓட வரும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் முன்னதாக இரண்டு வாழைப்பழமும் நீரும் பாடசாலையே வழங்குவதுதான் நேர்மையான வழி. பழைய மாணவர் சங்கங்கள் வெற்றிக் கேடயத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும்.

நேரம் தவறாமையும் ஆகாரத்தைச் சேர்ந்த விஷயமே. ஆறரைக்கு என்று அறிவித்து, பிரதம விருந்தினருக்காக எட்டரை வரை காத்து நின்றால், ஐந்து மணிக்கு உண்ட இடியப்பம் எதற்கும் உதவாது, வெயிலோ ஏறிவிடும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுக்கும் நாளில் ஓட்டத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை.

பெற்றோர் அனுமதிப் படிவத்தில் ஒப்பமிடுமுன் அதிபரிடம் கேட்கத்தக்கவை உண்டு: ஓட்டம் சரியாக எத்தனை மணிக்கு? வழியில் எங்கெங்கே நீர்? இதயநோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் விபரம் யாரிடம்? பின்னாற் செல்லும் வாகனமும் முதலுதவி தெரிந்தவரும் உண்டா? 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பிள்ளைக்கு ஏதேனும் குறிப்பு எழுதப்பட்டிருந்தால் அதனையும் ஆசிரியருக்குக் காட்டுக. வாய்மொழியாக விடை கிடைக்காவிடின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். பதினான்கு வேலை நாளுக்குள் கோரிக்கை மீதான தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அதற்கு மேல் மன்னார், மடு வலயக் கல்விப் பணிமனைகள் உண்டு. பிள்ளை துன்புறுத்தப்பட்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

பிள்ளை விழுந்துவிட்டால், தேகம் கொதித்து, பேச்சுத் தடுமாறினால், நிழலுக்குக் கொணர்ந்து, உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்; நோயாளர் காவு வண்டி வரும்வரை இதனை நிறுத்தாதீர்கள். நினைவிழந்த பிள்ளையின் வாயில் நீரோ குளுக்கோசோ ஊற்றாதீர்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவே விரைவாக, பலமாக அழுத்தத் தொடங்குங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி வரும்; அதற்குக் கட்டணம் கிடையாது.