ஏலக்காய்க்குள் எவ்வளவு தண்ணீர்?

கம்பம் மெட்டோ போடி மெட்டோ ஏறி இடுக்கிக்குள் நுழைந்தால், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களின் வாசனை வண்டிக்குள்ளேயே வந்துவிடும். பறித்த பச்சைக்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்து அதை 10–12 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நாலரை, ஐந்து கிலோ காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும், பச்சை வெளுக்கும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலங்களில் எடைக்குத்தானே விலை? தண்ணீரும் காசுதான்.

பழகிய கை, காயைக் குலுக்கி விதையின் சலசலப்பிலேயே பதத்தைச் சொல்லிவிடும். ஆய்வகத்துக்கு எண் வேண்டும்.

தானியமென்றால் சுலபம். எடைபோட்டு, சூட்டடுப்பில் காயவைத்து, மறுபடி எடைபோட வேண்டியதுதான், குறைந்ததெல்லாம் தண்ணீர். ஏலக்காயில் இந்தக் கணக்கு ஏமாற்றும். சினியோல், டெர்பினைல் அசிடேட் போன்ற வாசனை எண்ணெய்களும் சூட்டில் கிளம்பிவிடும். வாசனை மிகுந்த நல்ல காய்தான் ஈரக்காய் என்ற பழியைச் சுமக்கும்! அதனால் காயை டொலுயீனோடு கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து, அளவுக்குழாயின் அடியில் தங்கும் தண்ணீரைப் பார்ப்பதே வாசனைப் பொருள்களுக்கு வழக்கம். டீன், ஸ்டார்க் இருவரும் 1920-இல் அமைத்த கருவி அது.

வாயு குரோமட்டோகிராபி வேறு வழியில் போகிறது. பொடித்த காயை மெத்தனாலில் ஊறவைத்தால் ஈரம் அதில் இறங்கும். அதில் ஒரு மைக்ரோலிட்டரை ஊசியால் கருவிக்குள் செலுத்துகிறார்கள். சூட்டில் ஆவியானதை, நுண்துளைப் பாலிமர் மணிகள் அடைத்த குழாய் வழியே ஹீலியம் தள்ளிச் செல்கிறது. மணிகளில் அதிகம் ஒட்டாத தண்ணீர் முந்தி வரும். மெத்தனால் அதன் பின்னால். எண்ணெய்கள் வெகுநேரம் கழித்து. வாயிலில் ஒரு சூடான கம்பி. ஹீலியம் காற்றைவிடச் சுமார் ஆறு மடங்கு நன்றாக வெப்பம் கடத்துவதால் அதை ஆற்றிக்கொண்டேயிருக்கும். நீராவி கலந்ததும் ஆற்றுவது குறையும், கம்பி சூடேறும், மின்தடை உயரும். திரையில் ஒரு மேடு எழும். அதன் பரப்பை, அளவு தெரிந்த தண்ணீர் தந்த மேட்டோடு ஒப்பிட்டால் ஈரம் தெரிந்துவிடும்.

இந்தக் கருவிகளில் பரவலாக இருக்கும் சுடர் உணர்வி இங்கே உதவாது. எரிவதைத்தான் அது அறியும், தண்ணீர் எரியுமா?

மெத்தனாலும் லேசுப்பட்டதல்ல. காற்றிலுள்ள ஈரத்தைத் தானே குடித்துவிடும், அதிலும் இடுக்கி மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். காய் சேர்க்காத வெறும் மெத்தனாலை முதலில் ஓட்டி, அந்த ஈரத்தைக் கழித்த பிறகே காயின் கணக்கு.