கிட்டார் ஆம்பிளிபயர் மௌனமானால் என்ன செய்வது?

வண்டன்மேடு ஏலத்தோட்டப் பகுதியில் மழைக்காலம் வந்துவிட்டால் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, ஜாடியில் உப்பு நீர்த்துவிடும். இதே ஈரம்தான் வீட்டிலுள்ள மின்சாதனங்களுக்குள்ளும் நுழைகிறது. ரேடியோ, டேப் ரிக்கார்டர் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான இந்தத் தொல்லை, இப்போது பிள்ளைகளின் கிட்டார் ஆம்பிளிபயரையும் விட்டுவைப்பதில்லை.

கம்பம், போடி, தேவாரம் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்காக மலையேறி வந்த குடும்பங்களில் இன்று பேரப்பிள்ளைகள் கிட்டார் வாசிக்கிறார்கள். மாதா கோவில் பாடற்குழு, பள்ளிக் கலைவிழா, கோவில் பஜனை என்று எங்கும் ஒரு சிறிய ஆம்பிளிபயர் பெட்டி வந்துவிட்டது. விழாவுக்கு முதல் நாள் அது பேச மறுத்தால், அதைத் தூக்கிக்கொண்டு கட்டப்பனைக்கோ, கம்பம்மெட்டு வழியாக மலை இறங்கிக் கம்பத்துக்கோ போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். கடையில் திறந்து பார்த்தால் பல நேரங்களில் பழுது ஒரு ஒயரிலோ, ஒரு பின்னிலோதான் இருக்கும்.

எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டையும் சொல்லவே இக்கட்டுரை. இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும்.

மலையும் மேடையும்

இந்த மலைக்கும் மேடை இசைக்கும் உள்ள தொடர்பு புதிதல்ல. 1958-ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் தோட்டத் தொழிலாளர்களிடையே மேடைகளில் பாடினார். அவருடைய தம்பிதான் இசைஞானி இளையராஜா. மலைக்குக் கீழே உள்ள அந்தச் சிற்றூரிலிருந்து போனவர், பின்னாளில் மேற்கத்திய முறையில் கிட்டாரும் கற்றுத் தேர்ந்தார் என்பது நம் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் செய்தி.

ஆம்பிளிபயரின் கதையும் சாதாரண ரிப்பேர் கடையிலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் புல்லர்ட்டன் ஊரில் 1938-இல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தவர் லியோ பெண்டர். அவர் உருவாக்கிய கிட்டார்களும் ஆம்பிளிபயர்களும் உலகப் புகழ் பெற்றன. லண்டனில் டிரம் வாத்தியக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் பெண்டரின் ‘பேஸ்மேன்’ மாடலைப் பின்பற்றியே தம் முதல் ஆம்பிளிபயரை உருவாக்கினார். ஆகவே இது நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகளுக்குப் புரியாத மாயப் பெட்டி அல்ல.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கிட்டார் கம்பி அதிரும்போது, அதன் அடியிலுள்ள காந்தச் சுருள் மிகச் சிறிய மின் சைகையை உண்டாக்குகிறது. அது ஒயர் வழியாக ஜாக்கில் நுழைந்து, முதல் பகுதியில் ஓரளவு பெரிதாகி, டோன், வால்யூம் கண்ட்ரோல்களைக் கடந்து, கடைசிப் பகுதியில் வலுப்பெற்று ஸ்பீக்கரை அடைகிறது. இன்னொரு பக்கம் 230 வோல்ட் மின்சாரம் பியூஸ் வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போய்க் குறைந்து, டயோடுகளால் நேர்மின்சாரமாக மாறி, பெரிய கண்டன்சர்களால் சீராக்கப்படுகிறது. பழுது இந்த இரண்டு பாதைகளில் எங்கோ ஓரிடத்தில்தான் இருக்க முடியும்.

முதலில் பெட்டியைத் திறக்காதீர்கள்

1. விளக்கே எரியவில்லையா? அதே பிளக் பாயிண்டில் வேறு ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். பாயிண்டில் மின்சாரம் இருந்தால், ஒயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பின்புறமுள்ள பியூஸைப் பாருங்கள். கருகியிருந்தால், அதில் எழுதியுள்ள அதே அளவுக்கு வேறு பியூஸ் போடுங்கள். செப்புக் கம்பி, சிகரெட் காகிதம் எதையும் சுற்றிவிடக் கூடாது. புதிய பியூஸும் உடனே போனால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். மூன்றாவது பியூஸ் போடாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

2. விளக்கு எரிகிறது, சத்தம் இல்லையா? முதல் குற்றவாளி கிட்டார் ஒயர்தான். வேறு ஒயர், வேறு கிட்டார் போட்டுப் பாருங்கள். இரண்டாவதாக ஹெட்போன் ஜாக்கைக் கவனியுங்கள். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் நின்றுவிட வேண்டும் என்பதற்காக அதற்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஈரத்தில் அந்தத் தகடு களிம்பு பிடித்தால், ஹெட்போன் இல்லாதபோதும் ஸ்பீக்கருக்குச் சத்தம் போகாது. அணைத்துவிட்டு ஒரு பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ என்று இரண்டு ஜாக் உள்ள பெட்டிகளிலும் இதே கோளாறு வரும். ஒரு குட்டை ஒயரால் அந்த இரண்டையும் இணைத்ததும் சத்தம் வந்தால், ‘ரிட்டர்ன்’ ஜாக்கில்தான் களிம்பு.

3. திருகும்போது கரகரப்பா? வால்யூம் கண்ட்ரோலுக்குள் தூசியும் ஈரமும் சேர்ந்திருக்கின்றன. அணைத்த நிலையில் ஒவ்வொரு குமிழையும் இருபது முறை முழுதாகத் திருப்புங்கள். போகாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடிக்க வேண்டும். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியிருப்பதால் விவரம் தெரிந்தவர் செய்வதே நல்லது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் ஆகாது. அவை தூசியை மேலும் பிடித்துவைக்கும்.

4. ‘கும்ம்’ என்ற உறுமலா? கிட்டார் ஒயரை ஜாக்கிலிருந்து உருவிவிடுங்கள். உறுமல் நின்றால் கோளாறு ஒயரில், கிட்டாரில், அல்லது அருகிலுள்ள டியூப் லைட், செல்போன் சார்ஜர் போன்றவற்றில். கிட்டாரைச் சற்றுத் தள்ளி வைத்து, திசை மாற்றிப் பாருங்கள். உருவியும், வால்யூமைக் குறைத்தும் உறுமல் நிற்கவில்லையென்றால் பெரிய கண்டன்சர்கள் தளர்ந்திருக்கலாம். அது கடை வேலை.

5. தட்டினால் சத்தம் வந்து வந்து போகிறதா? ஜாக்கின் கால்களில் ஈயப்பற்று வெடித்திருக்கும். ஒயரில் தடுக்கி விழும் வீடுகளில் இது சகஜம். பற்றுவைக்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

6. ஸ்பீக்கர் மேல் சந்தேகமா? பவர் ஒயரை உருவிய பின், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ‘டப்’ என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும். அது கோளாறல்ல.

மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள்

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். எர்த் பின்னைக் கழற்றினால் உறுமல் குறைகிறது என்று சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய வீடுகளிலும் லயங்களிலும் மூன்று பின் பாயிண்ட் இல்லையென்று இரண்டு பின் பிளக் மாட்டுகிறவர்களும் உண்டு. இதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

கிட்டாரின் உலோகக் கம்பிகள் ஒயர் வழியாக ஆம்பிளிபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. உள்ளே ஏதோ ஒரு ஒயர் உரிந்து சட்டத்தைத் தொட்டால், எர்த் இருந்தால் பியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் நேராக வாசிப்பவரின் விரலுக்கு வரும். மழைக்காலத்து ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, மைக்கில் உதடு படப் பாடினால் கேட்கவே வேண்டாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் அங்கேயே இறந்தார். ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ப் 1976-இல் தம் வீட்டிலேயே எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி மாண்டார். கைதேர்ந்த கலைஞர்களுக்கே இந்தக் கதி.

டெஸ்டரைக் கிட்டார் கம்பியிலோ ஆம்பிளிபயரின் உலோகப் பாகத்திலோ வைத்தால் எரிகிறதா? உடனே மெயின் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவுங்கள். வயர்மேனை வரவழைத்து எர்த்தைச் சோதித்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பொருத்துவது இன்னும் நல்லது. பாட்டு மைக்கையும் கிட்டார் ஆம்பிளிபயரையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள்.

கை வைக்கக் கூடாத இடம்

பிளக்கை உருவிவிட்டால் ஆபத்து நீங்கியது என்று எண்ணக் கூடாது. கண்டன்சர்கள் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். வால்வு போட்ட ஆம்பிளிபயர்களில் 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். இப்போது வரும் எடை குறைந்த பெட்டிகளில் டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எஸ்.எம்.பி.எஸ். சப்ளை இருக்கும். அதிலுள்ள கண்டன்சரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். எனவே பவர் சப்ளை பகுதி அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு மட்டுமே. வால்வு ஆம்பிளிபயரை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்குவதும் கூடாது. அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

நல்ல மெக்கானிக்குகள் ஷார்ட் சந்தேகம் உள்ள டிரான்ஸ்பார்மர் பெட்டியை நேரடியாக மின்சாரத்தில் போடுவதில்லை. 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றைச் சீரியலில் இணைத்துப் போடுவார்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. தொழில் பழக விரும்பும் இளைஞர்கள் அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்று முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

மலைநாட்டுக்கான பராமரிப்பு

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலுக்குப் பின் இடி மின்னல் அதிகம். வானம் இருளத் தொடங்கியதும் சுவிட்சை அணைப்பது போதாது; பிளக்கையே உருவிவிடுங்கள். இடி முழங்கிக்கொண்டிருக்கும்போது பிளக்கைத் தொடப் போகாதீர்கள்.

பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது அரை மணி நேரம் இயக்கினால் அந்தச் சூட்டிலேயே ஈரம் வெளியேறும். ஈரம் காயட்டும் என்று அடுப்பின் மேலோ, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலோ வைத்துவிடாதீர்கள். வெப்பம் கூடக்கூடக் கண்டன்சரின் ஆயுள் குறையும். மாலையில் வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதிகளில் ஸ்டெபிலைசர் அவசியம்.

கடைக்கே போக நேர்ந்தாலும், என்னென்ன சோதித்தோம், எப்போது பழுது வருகிறது, மழைக்குப் பிறகா, சூடான பிறகா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்கின் நேரம் மிச்சம், உங்கள் பணமும் மிச்சம். இன்று மாலையே வீட்டிலுள்ள பிளக்கை ஒருமுறை பாருங்கள். மூன்று பின்னும் இருக்கின்றனவா, பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மகிழுங்கள்.