“ஒண்ணும் தெரியல, கூட்டி வைங்க”

எங்கள் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. பல வருடமாகச் சர்க்கரையும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் பத்து நாள் கரண்ட் வைக்கச் சொன்னார்கள். நான்காம் நாள் துணைக்கு நான் போயிருந்தேன். முழங்காலில் இரண்டு, கணுக்காலுக்கு மேல் இரண்டு என்று கறுப்பு ரப்பர் பட்டைகளில் ஜெல் தடவி ஒட்டினார்கள். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம்மா?” என்று கேட்டார் அங்கிருந்த பெண். “மேல தெரியுது. கீழ ஒண்ணும் தெரியல, கூட்டி வைங்க” என்றார் பெரியம்மா. அவர் கூட்டினார். பெரியம்மா மறுபடி சொன்னார், இன்னும் கொஞ்சம் கூட்டினார். இருபது நிமிடம் ஓடியது.

சாயங்காலம் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. மறுநாள் கொப்புளம். சர்க்கரைக் கால் அல்லவா, அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது.

கரண்ட் குறைவாக இருந்ததால் அவருக்குத் தெரியாமல் போகவில்லை. கால் நரம்பு மரத்துப்போயிருந்ததால்தான் தெரியவில்லை. பட்டையை ஒட்டுவதற்கு முன் பஞ்சாலும் மழுங்கிய ஊசி முனையாலும் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்திருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்திருப்பார்கள். ஒரு நிமிட வேலை. அதை யாரும் செய்யவில்லை. செய்யச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று கூட இருந்த எனக்கும் தெரியவில்லை.

நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்ற ஒரே பேச்சுக்குள் டென்ஸ், ஐ.எஃப்.டி. என்று பல சிகிச்சைகள் அடங்கிவிடுகின்றன. பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றுதான். கதவில் முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம், வலி கொஞ்சம் அடங்குகிறது. தொடுஉணர்ச்சியைக் கொண்டுபோகும் பருத்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது, மெல்லிய இழைகளில் வரும் வலிச் செய்தி தண்டுவடத்தில் மட்டுப்படுகிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் இதை ‘வாயிற்கதவு’ கோட்பாடாக எழுதினார்கள். தேய்க்கும் கை செய்வதை இங்கே மின்சாரம் செய்கிறது. ஆகவே வலி கொஞ்ச நேரம் மங்கலாம். தேய்ந்த மூட்டு வளராது, முதுகெலும்பில் பிதுங்கிய வட்டு உள்ளே போகாது. “பத்து நாள் வைத்தால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால், என்ன சரியாகும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வலி மங்குவதுகூட எல்லோருக்கும் நிச்சயமில்லை. பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, முதுகுவலிக்கு டென்ஸ் தர வேண்டாம் என்று 2016இலும், மூட்டுத் தேய்மானத்துக்கு மின்சிகிச்சைகள் வேண்டாம், பலன் தருவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022இலும் சொல்லிவிட்டது. மூட்டுத் தேய்மானத்துக்கு அது முதலிடம் தருவது உடற்பயிற்சிக்கு. சிலருக்குக் கரண்ட் வைத்தால் சற்று இதமாக இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அந்த இதத்தில் எழுந்து பயிற்சி செய்தால் நல்லது. பயிற்சியே சொல்லித்தராமல் தினமும் பட்டையை மட்டும் ஒட்டி அனுப்பும் இடத்தில் உங்கள் பணம்தான் கரைகிறது.

ஆபத்துகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பேஸ்மேக்கரோ, இதயத் துடிப்பைச் சீராக்கும் வேறு கருவியோ பொருத்தியவர்கள் இதய மருத்துவர் சம்மதிக்காமல் பக்கத்திலேயே போகக்கூடாது. கருவுற்ற பெண்ணின் வயிற்றிலும் இடுப்பிலும் கூடாது. கழுத்தின் முன்பக்கம் ஒட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழலாம். புண், தொற்று, புற்றுநோய் உள்ள இடம், ரத்தம் உறைந்த கால் எல்லாமே விலக்கு. வலிப்பு நோய் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கருவியை ஒட்டிக்கொண்டு தூங்குவதும் வண்டி ஓட்டுவதும் குளிப்பதும் வேண்டாம். இவற்றில் எதையுமே கேட்காமல் குமிழில் கை வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பொருட்காட்சியிலும் இணையத்திலும் விற்கும் கருவிகளுக்கும் இந்தியாவில் சட்டம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். சர்க்கரையும் பக்கவாதமும் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், அதில் நடித்துப் பரிந்துரைத்தவர்களுக்கும் சேர்த்து.

தண்டுவடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி வைத்து, தோலுக்கடியில் பேட்டரி புதைக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு சங்கதி. பல லட்சம் ரூபாய் ஆகும். கம்பி நகரலாம், தொற்று வரலாம், பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை. ஆறு மாதத்துக்கு மேல் அடங்காத நரம்பு வலிக்கு, முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்த்து பலன் தெரிந்தால் மட்டுமே நிரந்தரமாக வைக்கலாம் என்று நைஸ் 2008இல் சொன்னது. அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் 2020இல் இந்தச் சோதனையை வலியுறுத்தியது. சோதனையில் வலி எவ்வளவு குறைந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

பெரியம்மா விஷயத்தில் நாங்கள் தோற்றது ரசீது இல்லாததால். எங்களிடம் இருந்தது ஒரு விசிட்டிங் கார்டு மட்டும். அதன் பின்பக்கம் பத்துத் தேதிகள், நான்கில் டிக். போய்க் கேட்டதற்கு, “அம்மாதானே கூட்டச் சொன்னாங்க” என்றார்கள். உணர்ச்சியைச் சோதிப்பது அவர்கள் கடமை, பெரியம்மாவுடையது அல்ல. அதை எழுத்தில் நிரூபிக்க எங்களிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை.

கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. பாதிப்பு நடந்து இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. ரசீது, பரிந்துரைச் சீட்டு, காயத்தைத் தேதியோடு எடுத்த படம், காயத்தைப் பார்த்த மருத்துவரின் குறிப்பு இவையெல்லாம் கையில் இருக்கட்டும்.

கருவியே கோளாறு என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். மருத்துவக் கருவிகளால் வரும் கேடுகளைப் பதிவு செய்ய 2015இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று காசியாபாத்திலிருந்து இயங்குகிறது. 1800-180-3024 கட்டணமில்லா எண். நோயாளியோ வீட்டாரோ நேரடியாகச் சொல்லலாம். கருவியின் பெயரும் பேட்ச் எண்ணும் கேட்பார்கள், அதனால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.