கருப்பு அட்டையில் வெள்ளை ஸ்டாம்ப் ஏன் சாம்பலாகத் தெரியுது? எந்த இங்க் பேட் வாங்கணும்?

கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு ஐடியா: கருநீல அட்டை, அதில் கொற்கை முத்து மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ரீல்ஸில் பார்க்க செம அழகு. ஆனா ஆன்லைனில் இங்க் பேட் வாங்கி அழுத்தினால், முத்துக்குப் பதிலா சாம்பல் கறைதான் வருது. 200 அட்டை வாங்கியாச்சு, இனி என்ன பண்றது? வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்.

வெள்ளை மட்டும் ஏன் சிக்கல்?

ஆபீஸில் பயன்படுத்தும் சாதாரண பேட்களில் பெரும்பாலும் இருப்பது 'டை' இங்க். கரைந்த சாயம், ஒளி ஊடுருவும். அட்டையின் இருட்டை அது மறைக்காது. வெள்ளைக்குத் தேவை 'பிக்மென்ட்' இங்க். இதில் நுண்துகள்கள் அட்டையின் மேலேயே படியும்.

அந்தத் துகள் பொதுவாக டைட்டானியம் டை ஆக்சைடு. வைரத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 2.4, இதன் ரூட்டைல் வகைக்கு 2.6-க்கும் மேல். ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால்தான் கீழே இருக்கும் நிறம் மறையுது.

இதன் மூலப்பொருள்களில் ஒன்று இல்மனைட் என்ற கருமணல். நம்ம தென்கடலோரத்தில் நிறைய உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. கருப்பு மணலில் இருந்துதான் இந்த வெள்ளை!

எதுக்கு எது?

● சாதாரண, பளபளப்பில்லாத அட்டை: வெள்ளை பிக்மென்ட் பேட் போதும். மெதுவாகக் காயும், அவசரப்படாதீங்க.

● கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம், வழுவழு அட்டை: பிக்மென்ட் இங்க் இவற்றில் சரியாகக் காயாது. 'சால்வென்ட்' வகை ஒளிபுகா வெள்ளை வேணும். இதைத் துடைக்க அதற்கான கிளீனரும் சேர்த்து வாங்குங்க.

● பளிச்சென்ற முத்து வெள்ளை: எம்பாஸிங்தான் வழி. ஈரமான இங்க் மேல் வெள்ளை எம்பாஸிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடாக்கினால் பவுடர் உருகிப் புடைத்து நிற்கும். ஹேர் டிரையர் வேண்டாம். சூடு போதாது, பவுடரும் பறந்துடும். ஸ்டாம்ப் பண்ணுவதற்கு முன் அட்டையில் டால்கம் பவுடரை லேசாகத் தடவித் துடைத்தால் தேவையில்லாத இடத்தில் ஒட்டாது.

வாங்கிய பிறகு

டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைவிட சுமார் 4 மடங்கு கனம். நாளாக ஆக அடியில் படிந்துவிடும். அதனால் பேடைத் தலைகீழாக வைங்க. வேறு நிறம் பட்ட ஸ்டாம்பை நல்லா கழுவாமல் வெள்ளையில் வைக்காதீங்க; பேடே அழுக்காகிடும்.

200 அட்டையிலும் இறங்குவதற்கு முன், அதே அட்டையின் ஒரு துண்டில் ஸ்டாம்ப் பண்ணி ஒரு ராத்திரி விடுங்க. காலையில் விரலால் தேய்த்துப் பாருங்க. வெள்ளை அப்படியே நின்றால், மீதி அட்டைகளை எடுக்கலாம்.